பின்னணி இசையைப் பற்றிப் பேச விடுங்கள்: இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்பட இசையின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

ஈரோட்டில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து நடத்திவரும் எங்கள் பாட்காஸ்டின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி சென்ற மாதம் ஒரே வாரத்தில் முடக்கப்பட்டது. தங்களில் ஒரு நிறுவனத்தின் பெயரால் வந்த பதிப்புரிமைப் புகார்களே அதற்குக் காரணம். சில பதிவுகள் அடியோடு நீக்கப்பட்டன. சிலவற்றில் இசை வரும் இடங்கள் மட்டும் ஊமையாக்கப்பட்டன. இன்னொரு புகார் வந்தால் கணக்கையே மூடிவிடுவதாக எச்சரிக்கையும் வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களோடு மட்டும் பேசித் தீர்க்கக்கூடிய வழக்காக இருந்திருந்தால் அவர்களுக்கே தனிக்கடிதம் எழுதியிருப்பேன். உரிமை வைத்திருப்போர் பலரும் இந்த விஷயத்தில் ஏறத்தாழ ஒரே முறையைக் கடைப்பிடிப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நாங்கள் பாட்டுப் போடுகிறவர்கள் அல்லர். பழைய பாடல்களைத் தொகுத்து ஒலிக்கவிட்டு நடுவில் இரண்டு வார்த்தை பேசும் நிகழ்ச்சிகள் ஏராளமாக இருக்கின்றன; அவற்றைத் தாங்கள் தடுத்தால் அதில் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் பேசுவது படத்தின் பின்னணி இசையைப் பற்றி மட்டுமே. ஒரு காட்சியில் இசை எங்கே தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது, எந்த வாத்தியம் வருகிறது, எந்த இடத்தில் இசையமைப்பாளர் வேண்டுமென்றே கை கட்டி நிற்கிறார் என்பதையெல்லாம் பேசுவோம். பேசுவதற்கு முன் அந்த இடத்தைச் சில நொடிகள் ஒலிக்கவிடுவோம், நிறுத்துவோம், பிறகு அரைமணி நேரம் அதைப் பற்றி வாதாடுவோம். நான் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவன். இன்னொருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மூன்றாமவர் பள்ளியில் இசை ஆசிரியர். நான்காமவர் கோபிப் பக்கம் ஒரு தியேட்டரில், அது கல்யாண மண்டபமாக மாறும்வரை, ஆபரேட்டராக இருந்தவர். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை மாலையில், என் வீட்டு மாடியில் பதிவு செய்கிறோம். விளம்பரம் வாங்குவதில்லை, ஒரு ரூபாய் வருமானம் கிடையாது.

முடக்கப்பட்டவற்றுள் ஒரு பதிவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டுகிறேன். படத்தைச் சொன்னால் உரிமையாளர் யாரென்று தெரிந்துவிடுமாதலால் பெயரைத் தவிர்க்கிறேன். முதல் பாதியில் உழவுப் பாட்டு ஒன்று உண்டு. கோரஸும் தவிலும் உறுமியும் சேர்ந்து துள்ளும். இரண்டாம் பாதியில், கடனை அடைப்பதற்காக அதே காளைகளைச் சந்தைக்கு ஓட்டிப்போகிறார்கள். வசனம் இல்லை. இசையமைப்பாளர் அந்த உழவுப் பாட்டின் பல்லவியையே எடுக்கிறார். ஆனால் தாளமில்லை, குரலில்லை, வேகமில்லை. ஒற்றைக் குழல் பல்லவியைப் பாதிக்கும் மேல் வாசித்துவிட்டு, மெட்டு வந்து சேர வேண்டிய ஷட்ஜத்துக்கு, அதாவது ஆதார ஸ்வரமான 'ஸ'வுக்கு, முன்பாகவே நின்றுவிடுகிறது. அதன் பிறகு காளைகளின் கழுத்து மணிச் சத்தம் மட்டும்தான். எங்கள் இசை ஆசிரியர் அந்தப் பதிவில் சொல்கிறார்: "இப்பக் கேளுங்க. குழல் எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் கவனிங்க." அடுத்து வருவது தங்கள் தரப்பு உண்டாக்கிய நிசப்தம். அது முடிந்ததும் ஆபரேட்டர் அண்ணன் குரல்: "கேட்டீங்களா? எனக்கு அந்த இடத்துல இன்னைக்கும் புல்லரிக்குதுங்க." ஒன்றுமே ஒலிக்காத இடத்தைக் கேட்டு நான்கு ஆண்பிள்ளைகள் மாறி மாறி மெய்சிலிர்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் புதிதாகக் கேட்பவருக்குப் புரியும்.

அந்தப் பதிவின் சாரமே அடுத்து வரும் விவாதம்தான். குழல் அப்படிப் பாதியில் நிற்பது இசையமைப்பாளரின் எண்ணமா, படத்தொகுப்பில் காட்சி குறைந்துபோனதால் நேர்ந்ததா என்று எங்களுக்குள் வாக்குவாதம். அப்போது ஆபரேட்டர் அண்ணன் சொன்னதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடும். நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் சி சென்டர் எனப்படும் சிற்றூர்த் தியேட்டர்களுக்கு வரும். ஒவ்வொரு ரீலின் தலையிலும் வாலிலும் பிலிம் கிழிந்து, வெட்டி ஒட்டி, நொடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிருக்கும். இசை ஒரு ரீலிலிருந்து அடுத்த ரீலுக்குத் தாண்டினால் அந்த ஒட்டில் துண்டிக்கும். அதனால் விவரமான இசையமைப்பாளர்கள் ரீல் முடிவதற்குள் இசையை முடித்துவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். அந்தச் சந்தைக் காட்சி ரீலின் கடைசியில் இருந்தது. அவர் தியேட்டருக்கு வந்த பிரிண்டில் குழல் இன்னும் சீக்கிரமே அறுந்துபோகும். நல்ல பிரதியில் அது கூடுதலாகச் சில ஸ்வரங்கள் வாசிக்கிறது என்பதே அவருக்குப் பல ஆண்டுகள் கழித்து, வீட்டில் பார்த்தபோதுதான் தெரிந்ததாம். பெட்டி பெட்டியாகப் படம் ஓட்டிய ஒரு மனிதரின் இந்த அறிவு, கேட்க வேண்டிய இசை இல்லாமல் யாருக்கும் விளங்காது.

அந்த நிறுவனத்தின் புகாரில் குறிப்பிடப்பட்டிருந்தது அந்த உழவுப் பாட்டின் பெயர். பாட்டின் ஒரு வரியைக்கூட நாங்கள் ஒலிக்கவிடவில்லை. பின்னணி இசை தங்கள் பட்டியலிலேயே இல்லாததால், ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி தனக்குத் தெரிந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு பாட்டின் பெயரை எழுதிவிட்டது. அது பாட்டாக இல்லாமல் வேறொன்றாக ஆகிவிட்டது என்பதைத்தான் நாங்கள் அந்தப் பதிவு முழுக்கப் பேசியிருந்தோம். இன்னொரு பதிவில் எங்கள் ஆசிரியர் தம் ஆர்மோனியத்தில் ஒரு கருப்பொருள் மெட்டை மெதுவாக வாசித்து, ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துக் காட்டியதற்கும் புகார் வந்தது. மறுப்புத் தெரிவித்தோம். அந்த மறுப்பைப் பரிசீலிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவரிடமே இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. சில நாளில் இரண்டு வரியில் பதில் வந்தது: புகார் உறுதி செய்யப்படுகிறது. காரணம் எதுவும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. மனிதர் ஒருவர் அதைக் கேட்டுப் பார்த்தாரா என்பதே ஐயம்தான்.

பாடல் உரிமை தங்களுக்கு உயிர்நாடி என்பதை அறிவோம். பின்னணி இசைக்கும் அதே உரிமையைக் கோருகிறீர்கள், அதுவும் சரி. ஆனால் பின்னணி இசையைத் தாங்கள் பெரும்பாலும் வெளியிடுவதே இல்லை. அண்மை ஆண்டுகளில் சில பெரிய படங்களுக்கு மட்டும் தனித் தொகுப்பு வருகிறது. ஐம்பதுகள் தொடங்கித் தொண்ணூறுகள் வரையிலான கடல் போன்ற இசையில் பெரும்பங்கு வசனத்தோடும் சத்தத்தோடும் கலந்த நிலையில், படத்துக்குள்ளேயே கிடக்கிறது. விலை கொடுத்து வாங்கிக் கேட்கலாமென்றால் கடையில் சரக்கு இல்லை. கடையில் வைக்காத சரக்கைப் பற்றித் தெருவில் பேசுகிறவனைப் பிடித்து, உன்னால் வியாபாரம் கெட்டது என்று வழக்குப் போடுவதைப் போல இருக்கிறது இந்த நிலை.

ஒரு காலத்தில் தங்கள் துறை இந்த அளவுக்குக் கஞ்சத்தனமாக இருக்கவில்லை. ஒலிச்சித்திரம் என்ற பெயரில் படத்தின் கதை வசனத்தை இசைத்தட்டாகவும் பிறகு கேசட்டாகவும் விற்றீர்கள். எங்கள் ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் மைக் செட்காரர் விடியற்காலையில் பக்திப் பாட்டில் தொடங்கி, மத்தியானப் பந்தி நேரத்தில் வசனத் தட்டைப் போட்டுவிடுவார். 'திருவிளையாடல்' வசனம் கொங்கு நாட்டில் வேப்பமரத்துக்குக்கூட மனப்பாடம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1984-இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனம் டீக்கடை டீக்கடையாக ஓடியது. அந்தத் தட்டுகளில் வசனத்துக்கு அடியில் பின்னணி இசையும் இருந்தது. வசனம் நிற்கும் இடங்களில் அந்த இசை தனியே எழும்பிக் கேட்கும். கே. வி. மகாதேவன் ஒரு காட்சியை எப்படிக் கையாண்டார் என்பதைப் படம் பார்க்காமல், பந்தியில் இலை போட்டுக்கொண்டே காதால் கற்ற தலைமுறை நாங்கள். அன்று தாங்களே காசு வாங்கிக்கொண்டு ஊர் முழுக்க ஒலிக்கவிட்ட இசையின் ஒரு துணுக்கை இன்று நான்கு பேர் பேசுவதற்காக எடுத்தால் கணக்கு மூடப்படும் என்கிறீர்கள்.

பாட்டு இருந்தால்தான் இசை வெளியீடு என்ற கணக்கு எவ்வளவு குறையுள்ளது என்பதற்குத் தமிழ்ப் படங்களே சாட்சி. 1954-இல் 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்தது. 1987-இல் வந்த 'பேசும் படம்' ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஓடியது, அதில் எல். வைத்தியநாதனின் இசையும் ஒலிகளும்தான் பேச்சு. 1995-இல் 'குருதிப்புனல்' மகேஷின் பின்னணி இசையை மட்டும் நம்பிப் பாட்டில்லாமல் நின்றது. 2019-இல் 'கைதி'யும், சாம் சி. எஸ். இசையில், அப்படியே வந்து வென்றது. இந்தப் படங்களில் இசையமைப்பாளர் செய்த வேலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் பின்னணி இசையைத் தவிர வேறு எதை எடுத்துக் காட்டுவது?

கேட்க ஆளில்லை என்று ஒரு பதில் தங்களிடம் தயாராக இருக்கும். இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' பாட்டே இல்லாத வாத்திய இசைத் தொகுப்பு. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் எத்தனை வீடுகளுக்குள் நுழைந்தது என்பதைத் தங்கள் துறைக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலு மகேந்திரா அந்தத் தொகுப்பின் இசையையே 1988-இல் 'வீடு' படத்துக்குப் பின்னணியாகப் பயன்படுத்தினார். இன்றுவரை 'வீடு' படத்தின் இசையைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் துல்லியமாகப் பேச முடிவதற்கு ஒரு காரணம், அந்த இசை தனியே, சுத்தமாகக் கேட்கக் கிடைப்பது. மற்றப் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அரசாங்கமே இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2009-ஆம் ஆண்டின் படங்களுக்கான தேசிய விருதுகளிலிருந்து சிறந்த இசையமைப்பு விருது பாடல்களுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று பிரித்து வழங்கப்படுகிறது. அந்த ஆண்டு பின்னணி இசைக்கான விருது 'பழசி ராஜா' என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. பிறகு 'தாரை தப்பட்டை' படத்துக்காகவும் அவருக்கே கிடைத்தது. 'சூரரைப் போற்று' படத்துக்காக ஜி. வி. பிரகாஷ் குமாரும், 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்காக ஏ. ஆர். ரகுமானும் அதைப் பெற்றார்கள். நாட்டின் உயரிய திரை விருது தனியே மதிப்பிடும் ஒரு கலையைப் பொதுமக்களும் தனியே மதிப்பிட்டுப் பேசக்கூடாதா?

கொங்கு நாட்டுக்காரர்களாக எங்களுக்கு இதில் இன்னொரு பாத்தியதையும் உண்டு. சினிமா சென்னைக்கே சொந்தம் என்று ஆவதற்கு முன்னால், படத்துக்கு இசை சேர்க்கும் வேலை இந்த மண்ணில் நடந்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும், சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் இருந்தன. எம். ஜி. ஆர். கதாநாயகனாக நடித்து 1947-இல் வந்த 'ராஜகுமாரி'யும், 1954-இல் வந்து குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற 'மலைக்கள்ளன்' படமும் கோவையில் உருவானவை. இரண்டுக்கும் இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. அவரிடம், கோவையில், ஜூபிடர் படத் தயாரிப்பு நிறுவனத்தில் எடுபிடியாக இருந்து தொழில் கற்ற பையன்தான் பிற்பாடு மெல்லிசை மன்னர் எம். எஸ். விஸ்வநாதன் ஆனார். சேலத்தில் ஜி. ராமநாதன் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு இசையமைத்தார். இன்று ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. இந்த ஸ்டூடியோக்களைப் பற்றி நாங்கள் ஒரு தொடர் தொடங்கினோம். நடிகர்கள் பற்றியும் முதலாளிகள் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கூடங்களில் வாசிக்கப்பட்ட இசையை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை என்பது எங்கள் ஆதங்கம்.

அந்தத் தொடரையும் தங்கள் கருவி விட்டுவைக்கவில்லை. ஜி. ராமநாதன் இசையமைத்து 1950-இல் வெளியான சேலத்துப் படம் ஒன்றின் வாள்சண்டைக் காட்சியிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்திருந்தோம். அதற்கும் உரிமை கோரப்பட்டது. நம் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தப் படத்துக்கு 2010 முடிவோடு அது தீர்ந்தது. இசைப் படைப்புக்கான உரிமை படைப்பாளி மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஜி. ராமநாதன் மறைந்தது 1963-இல். ஆகவே 2023 முடிவோடு அதுவும் தீர்ந்தது. வாள்சண்டைக்குப் பாடலாசிரியர் எவரும் இல்லை. எந்த உரிமையின் பேரில் அந்தப் புகார் வந்தது என்பதற்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் மண்டியில் விற்று முடிந்த மூட்டைக்கு இரண்டாவது முறை பில் போட்டால் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு வேலை போய்விடும்.

உரிமைக் காலம் முடியாத படங்களுக்கும் சட்டம் எங்களைக் கைவிட்டுவிடவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், ஒரு படைப்பை விமர்சனம் செய்வதற்காகவோ மதிப்புரை சொல்வதற்காகவோ நியாயமான அளவில் கையாள்வது உரிமை மீறல் ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. நியாயமான அளவு எது என்று நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணி நேரப் பேச்சில் இடையிடையே, அடுத்து வரும் பேச்சுக்கு ஆதாரமாக மட்டும், சில நொடி இசையை வைப்பது விமர்சனம் ஆகாதென்றால் வேறு எதுதான் ஆகும்? இதே நேரத்தில், அதே பின்னணி இசையைக் கதாநாயகன் நடந்து வரும் ரீல்ஸுக்கு அடியில் முழுசாகப் போட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியிடுகிறார்கள். அதற்குத் தாங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அது படத்துக்கு விளம்பரம். இசையைப் போட்டு நடந்து காட்டினால் தடையில்லை, நிறுத்தி யோசித்தால் தடை என்று ஆகியிருப்பது தங்கள் நோக்கமாக இருக்காது என்றே நம்புகிறேன்.

இசையமைப்பாளர்களின் உரிமைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, படத்தில் இடம்பெறும் இசைக்கும் பாடல் வரிக்கும் அவற்றைப் படைத்தவர்களுக்கு உரிய ராயல்டியை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று ஆனபோது மகிழ்ந்தவர்கள் நாங்கள். அந்தத் திருத்தம் வருவதற்குமுன் அவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்பதையும் எங்கள் நிகழ்ச்சியில் பேசியிருக்கிறோம். எங்கள் பதிவுகளால் ஓர் இசையமைப்பாளருக்கு ஒரு ரூபாய் நட்டம் என்று யாராவது கணக்குக் காட்டினால், மறுபேச்சின்றி அந்தப் பதிவை நானே எடுத்துவிடுகிறேன்.

ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசைப் பதிவு, நடந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ரீலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு இளையராஜா நேரே நொட்டேஷன் எழுதத் தொடங்கிவிடுவார் என்று அவரோடு வாசித்த கலைஞர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எழுதிய தாள் கூடத்துக்குப் போகும். வாத்தியக்காரர்கள் அதை அங்கேயே முதன்முறையாகப் பார்த்து, திரையில் ஓடும் படத்துக்குப் பொருத்தி வாசிப்பார்கள். நெப்போலியன் என்கிற அருண்மொழியின் குழலை நாங்கள் கேட்டவுடன் அடையாளம் சொல்வோம். ஆனால் எத்தனையோ படங்களில் அந்த ஒரு காட்சியில் வாசித்தவர் யார் என்பதை எங்கும் தெரிந்துகொள்ள வழியில்லை. படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயர் வராது. இசைத்தட்டின் உறையிலும் வராது. அந்தக் கலைஞர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. எழுதிய தாள்கள் எங்கே, வசனம் கலக்காத இசை மட்டும் பதிவான மேக்னடிக் டேப்புகள் எங்கே என்பதை உரிமை வைத்திருக்கும் தாங்கள்தான் சொல்ல வேண்டும். வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் டேப் கெட்டுப்போகும் என்பது தங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இசையும் வசனமும் கலந்த பிரதி மட்டுமே மிஞ்சுமானால், அந்தக் குழலைத் தனியே அப்படியே மீட்டெடுக்கத் தங்களாலும் முடியாது.

ஆகவே கேட்கிறேன். எங்கள் பதிவுகள் மீது தங்கள் தரப்பில் கொடுக்கப்பட்ட புகார்களை, இசை தெரிந்த ஒரு மனிதரைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்து, விமர்சனமாக உள்ளவற்றைத் திரும்பப் பெறுங்கள். சேலத்துப் படத்தின் மீதான புகாரை இந்த வாரமே திரும்பப் பெற வேண்டும். அதற்குப் பரிசீலனைகூடத் தேவையில்லை. இனி கருவி பிடித்துக்கொடுக்கும் எதையும், பேச்சு மிகுந்த பதிவாக இருந்தால், ஆள் கேட்டுப் பார்க்காமல் முடக்குவதில்லை என்று முடிவெடுங்கள். மறுப்புக்கு அனுப்பும் பதிலில் காரணமும், முடிவெடுத்த அலுவலரின் பதவியும் இருக்கட்டும். விமர்சனத்துக்காக எவ்வளவு நேர இசையைப் பயன்படுத்தலாம் என்பதற்குத் தாங்கள் கூடிப்பேசி ஓர் அளவைத் தமிழில் வெளியிட்டால், அது எங்களுக்குப் போதாததாக இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கலாம்.

இவற்றைவிடப் பெரியது பின்னணி இசையைத் தனியே வெளியிடுவது. எல்லாப் படத்துக்கும் உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. தங்கள் கிடங்கில் எந்தெந்தப் படத்துக்கு இசை மட்டும் உள்ள டேப் இருக்கிறது என்ற பட்டியலை முதலில் வெளியிடுங்கள். டேப் நல்ல நிலையில் உள்ள படங்களை, காட்சிக்குக் காட்சி தலைப்பிட்டு, வாசித்த கலைஞர்களின் பெயர்களோடு விலைக்குக் கொண்டுவாருங்கள். காசு கொடுத்து முதலில் வாங்குகிறவர்கள் நாங்களாக இருப்போம். பெயர்ப் பட்டியல் இல்லையென்றால், இருக்கிற கலைஞர்களை அழைத்துக் கேட்டு எழுதுங்கள். ஏற்பாட்டுச் செலவுக்குத் தயங்குவீர்களானால், சென்னைக்கு வந்து அவர்களைச் சந்தித்துப் பதிவு செய்து தர நாங்கள் சொந்தச் செலவில் ஆயத்தமாக இருக்கிறோம்.

பொங்கலுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறோம். அதுவரை புதிய பதிவு எதையும் வெளியிடுவதாக இல்லை. பதில் வராவிட்டால், ஒவ்வொரு புகாரையும் சட்டப்படி எதிர்கொள்ள வழக்கறிஞரைப் பார்ப்பது என்று நால்வரும் பேசி முடிவெடுத்திருக்கிறோம். முதல் மனு அந்த வாள்சண்டைத் துணுக்குக்காக இருக்கும்.

இப்படிக்கு,
நண்பர்கள் நால்வர் சார்பாக,
மஞ்சள் மண்டிக் கணக்கர் ஒருவர்,
ஈரோடு.